மீண்டும் பரீட்சை எழுதுவதா, வேறு வழி பார்ப்பதா?

கேள்வி: நான் முள்ளியவளையைச் சேர்ந்தவள். உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் முதல் தடவையாகத் தோற்றினேன். உயிரியலுக்கு சீ, இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் எஸ். பௌதிகவியலுக்கு ஒரு வருடத்துக்கு மேல் எங்களுக்கு ஆசிரியர் இருக்கவில்லை. அப்பா இல்லை, அம்மா தையல் தைத்துத்தான் என்னையும் தம்பியையும் படிப்பிக்கிறார். நகையை அடகு வைத்தாவது யாழ்ப்பாணத்தில் தங்கவைக்கிறேன், திரும்ப எழுது என்கிறார். லண்டனில் இருக்கும் மாமா ஸ்ரூடன்ற் விசாவில் கூப்பிடலாம் என்கிறார். என்னோடு படித்த பிள்ளை கிளிநொச்சி ஜேர்மன் ரெக்கில் சேரப் போகிறாள், என்னையும் வரச் சொல்கிறாள். பின்னேரங்களில் அயலில் உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன். அது மட்டும்தான் இப்போது மனதுக்கு ஆறுதல். எதைச் செய்தாலும் ஒரு வருடம் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தம்பி 11ஆம் தரம். அவன் எந்தப் பிரிவை எடுக்கலாம் என்றும் சொல்லுங்கள்.
— முல்லைத்தீவு வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவின் கவலை, மாமாவின் யோசனை, தோழியின் அழைப்பு எல்லாவற்றையும் எழுதிய நீங்கள், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உங்கள் இசட் புள்ளியை மட்டும் எழுதவில்லை. ஆலோசனைக்கு வரும் பிள்ளைகளில் பலரும் இப்படித்தான் இருக்கிறார்கள். ஒரு சீ, இரண்டு எஸ் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். இசட் புள்ளி என்ன, மாவட்ட நிலை என்ன என்று கேட்டால் பெறுபேற்றைத் தேடிக் கைத்தொலைபேசியைத் தட்டத் தொடங்குவார்கள். நீங்கள் எடுக்கவேண்டிய தீர்மானங்களில் பாதிக்கு மேற்பட்டவை அந்த எண்ணில் தங்கியிருப்பதால், மற்ற எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எஸ் என்ற எழுத்து 35 இலிருந்து 54 வரையான அத்தனை புள்ளிகளையும் தனக்குள் மூடிக்கொள்கிறது. இசட் புள்ளியைக் கணிக்கும்போது, ஒவ்வொரு பாடத்திலும் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியைக் கழித்து, வரும் விடையை, புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலால் வகுத்து, இப்படி மூன்று பாடங்களுக்கும் கிடைக்கும் பெறுமானங்களின் சராசரியை எடுக்கிறார்கள். ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 53 எடுத்தவருக்கு 0.87 வரும், 37 எடுத்தவருக்குச் சைபருக்குக் கீழே, மறை 0.2 வரும். இருவருடைய பெறுபேற்றிலும் எஸ் என்றுதான் இருக்கும். ஆகவே உங்களைப் போலவே ஒரு சீயும் இரண்டு எஸ்ஸும் எடுத்த இன்னொரு பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை என்பதற்காக உங்களுக்கும் கிடைக்காது என்று நினைக்கவேண்டாம். அவ்வாறே, கிடைத்த ஒருவரைப் பார்த்து உங்களுக்கும் கிடைக்கும் என்று இருந்துவிடவும் வேண்டாம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு கல்வியாண்டுக்கும், அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளியை மாவட்டவாரியாகக் காட்டும் வெட்டுப்புள்ளி அட்டவணையை வெளியிடுகிறது. கடைசி மூன்று வருட அட்டவணைகளை எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள்; கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்ப்பது போதாது. முல்லைத்தீவுக்குரிய வரிசையில் அடிமட்டத்தை வைத்து, உயிரியல் பிரிவினர் விண்ணப்பிக்கக்கூடிய ஒவ்வொரு பாடநெறிக்கும் நேரே உங்கள் புள்ளி மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா, எவ்வளவு கீழே என்று பென்சிலால் குறியுங்கள். சில கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாக, தகுதியான விண்ணப்பதாரி எவரும் இல்லை என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துகள் இருக்கும். வன்னி மாவட்டங்களுக்குரிய வரிசைகளில் அந்த எழுத்துகளைக் காணும்போதெல்லாம், அந்த இடத்துக்குத் தகுதியிருந்தும் பாடநெறியின் பெயரையே அறியாமல் விண்ணப்பத்தில் எழுதாமல் விட்ட பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு வராமல் போனதில்லை.

மாவட்ட வரிசையைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கலைப் பிரிவு போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீத இடங்கள் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கும், மிகுதி 5 சதவீதம் கல்வி வசதி குறைந்தவையெனக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா ஆகிய நான்கும் அந்தப் பதினாறில் அடங்குகின்றன. இதைச் சலுகை என்று நினைத்துக் கூச்சப்படும் பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். பௌதிகவியல் ஆசிரியர் இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு அதே வினாத்தாளுக்கு விடை எழுதிய உங்களுக்கு அந்தக் கூச்சம் தேவையே இல்லை.

மருத்துவமும் பல் மருத்துவமும் இந்தப் பெறுபேற்றுக்கு எட்டாது என்பதை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். ஆனால் உயிரியல் பிரிவு அந்த இரண்டோடு முடிந்துவிடுவதில்லை. விவசாயம், சித்த மருத்துவம், உயிரியல் விஞ்ஞானம், தாதியியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், சுற்றாடல் விஞ்ஞானம் என்று பட்டியல் நீளமானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. பம்பைமடுவில் இருந்த வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. சுற்றாடல் விஞ்ஞானத்தை அங்கே படிக்கலாம். இவற்றில் எதற்கு உங்கள் புள்ளி போதும் என்பதை உங்கள் பென்சில் குறிகள் சொல்லும். கடந்த ஆண்டுகளின் வெட்டுப்புள்ளி வரும் ஆண்டுக்கு உறுதி ஆகாது என்பதால், சற்றுக் கீழே நிற்பவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

விண்ணப்பிக்கும்போது பிள்ளைகள் வழக்கமாக இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். மருத்துவத்தையும் இன்னும் இரண்டு மூன்றையும் மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது ஒன்று. கணினி நிலையத்தில் படிவம் நிரப்பித் தருபவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, அவர் எழுதியதை வாசிக்காமல் வருவது மற்றது. பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒவ்வொரு குறியீட்டையும் உங்கள் விருப்ப ஒழுங்கில் நீங்களே முதலில் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். வெட்டுப்புள்ளி கூடியதை மேலேயும் குறைந்ததைக் கீழேயும் எழுதவேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். உண்மையில் எதை அதிகம் விரும்புகிறீர்களோ அதுதான் மேலே வரவேண்டும், ஏனென்றால் உங்கள் பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்துவதையே தருகிறார்கள். கிடைத்தாலும் போகமாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்ததை எழுதவே வேண்டாம். ஒரு பாடநெறிக்குப் பதிவு செய்தபின் அடுத்த வருடம் வேறொன்றுக்கு விண்ணப்பிப்பது பற்றிய விதிகள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டில் இருக்கின்றன. கையொப்பமிடுவதற்கு முன் அந்தப் பந்தியை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இனி, அம்மா சொல்வதற்கு வருகிறேன். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை வரை தோற்றலாம் என்பதால் இரண்டாம் தடவை எழுதுவது உங்கள் உரிமை. அதை நான் தடுக்கப் போவதில்லை. உங்கள் அம்மாவின் வயதை ஒத்த தாய்மார் பலர் இடம்பெயர்வில் தங்கள் படிப்பை இழந்தவர்கள். பிள்ளையாவது கம்பஸ் போகவேண்டும் என்று அவர்கள் சொல்லும்போது அது பிடிவாதமாகத் தோன்றினாலும், அதற்குப் பின்னால் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் நகையை அடகு வைப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இரண்டாம் தடவை எழுதும்போது எது மாறியிருக்கும்?

இதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்து பார்க்கலாம். உங்களுடைய மூன்று பாடங்களிலும் முதலாம் வினாத்தாள் ஐம்பது பல்தேர்வு வினாக்களையும் இரண்டு மணித்தியாலங்களையும் கொண்டது. நீங்கள் இதுவரை செய்து பார்க்காத ஒரு பழைய வருடத்து வினாத்தாளை எடுத்து, தம்பியிடம் மணிக்கூட்டைக் கொடுத்துவிட்டு, வீட்டு மேசையில் இருந்து எழுதுங்கள். திருத்தும்போது மொத்தத்தை எண்ணுவதோடு நின்றுவிடாமல், பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் அது எந்த அலகு என்பதையும், அந்த அலகைப் படித்தும் பிழைத்ததா, படிப்பிக்கப்படாமலே போனதா என்பதையும் எழுதுங்கள். பௌதிகவியலில் பிழைகளில் பெரும்பகுதி ஆசிரியர் இல்லாத காலத்துக்குரிய அலகுகளில் விழுந்தால், அது உங்களுக்கு நல்ல செய்தி. படிப்பிக்கப்படாததைப் படித்தால் புள்ளி கூடும். பிழைகள் எல்லா அலகுகளிலும் பரவலாகவும், இரசாயனவியலிலும் அதே மாதிரியும் இருந்தால், யாழ்ப்பாணத்தில் மண்டபம் நிறைந்த வகுப்பில் போய் இருப்பதால் மட்டும் அது சீராகும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆறு வாரம் வீட்டிலிருந்தே அந்த அலகுகளைப் படித்து, இன்னொரு வருடத்து வினாத்தாளை அதே விதமாக எழுதிப் பாருங்கள். எண் அசைந்திருந்தால் இரண்டாம் தடவைக்கு ஆயத்தமாகலாம். அசையாவிட்டால் அடகுக் கடையின் வாசலை மிதிக்கவேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் தங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. உங்களுக்கு உண்மையில் குறையாக இருப்பது ஒரு பாடம். ஒரு பாடத்துக்காக விடுதி, சாப்பாடு, போக்குவரத்து, மூன்று பாட வகுப்புக் கட்டணம் என்று ஒரு தையல் இயந்திரத்தின் வருமானத்தில் சுமை ஏற்றுவதை விட, பௌதிகவியலுக்கு மட்டும் வார இறுதியில் முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஒரு நல்ல வகுப்பைத் தேடுவதும், மற்ற இரண்டையும் வீட்டில் படித்துத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுவதும் எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஒரு வருடம் வீணாகுமோ என்று பயப்படுகிறீர்கள். என் அனுபவத்தில், இரண்டாம் தடவை எழுதியதால் வீணான வருடங்களை விட, இரண்டாம் தடவை எழுதப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு மற்ற எல்லா விண்ணப்பங்களையும் தவறவிட்டதால் வீணான வருடங்களே அதிகம். பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, முதலாம் வருட வகுப்புத் தொடங்குவதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. தெரிவானவர்களுக்கே இந்த நிலை என்றால், தெரிவாகாமல் மீண்டும் எழுதிக் காத்திருப்பவருடைய நிலையைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே இரண்டாம் தடவைக்குப் படிப்பதென்று முடிவெடுத்தாலும், அந்தக் காலத்தில் வரும் ஒவ்வொரு வர்த்தமானியையும் பார்த்து, தகுதியுள்ள எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே படிக்கவேண்டும். விண்ணப்பிப்பதால் எந்தக் கதவும் மூடப்படுவதில்லை.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. அயல் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பது மட்டுமே மனதுக்கு ஆறுதல் என்கிறீர்கள். பிறகு அதை ஒரு வழியாகவே எண்ணாமல் மற்ற மூன்றுக்கும் இடையில் அல்லாடுகிறீர்கள். தேசிய கல்வியியல் கல்லூரி என்ற பெயர் உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. வவுனியாவில் ஒன்றும் யாழ்ப்பாணத்தில் கோப்பாயில் ஒன்றும் இருக்கின்றன. மூன்று வருடப் பயிற்சி அது. இரண்டு வருடம் கல்லூரியில் தங்கிப் படிப்பதும், ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறு பயிற்சியும். முடித்தவர்கள் கற்பித்தலில் தேசிய டிப்ளோமா பெற்று ஆசிரியர் சேவைக்கு நியமிக்கப்படுகிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி பெற்றவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் பாடநெறி இருக்கிறது. எந்தப் பாடநெறி எந்தக் கல்லூரியில் என்பதையும், தெரிவு எப்படி என்பதையும் அந்தந்த வருட வர்த்தமானி சொல்லும். அந்த அறிவித்தல் குறிப்பிட்ட ஆண்டில் உயர்தரம் எழுதியவர்களையே அழைக்கும் என்பதையும் வயதெல்லை உண்டு என்பதையும் மனதில் வையுங்கள். இம்முறை தவறவிட்டு அடுத்த முறை பார்க்கலாம் என்பது இங்கே பெரும்பாலும் நடவாது.

படிப்பிப்பது பிடித்திருப்பதும் நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்பில் தினமும் நிற்பதும் ஒன்றல்ல என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன். முற்றத்தில் பாய் விரித்து இருக்கும் பிள்ளைகள் தாங்களாக விரும்பி வருபவர்கள், வகுப்பறையில் அப்படியில்லை. எனவே வலயக் கல்வி அலுவலகத்திலோ உங்கள் பழைய பாடசாலையிலோ கேட்டு, சில நாட்கள் 7ஆம், 8ஆம் தர விஞ்ஞான வகுப்பொன்றில் ஆசிரியருக்குத் துணையாக இருக்க அனுமதி கிடைக்குமா என்று பாருங்கள். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் ஒளித்தொகுப்பை விளங்கப்படுத்தலாம் என்ற விருப்பம் அதன் பிறகும் இருந்தால், அந்த விண்ணப்பத்தை இரண்டாம் தெரிவாக நினைத்துப் போடாதீர்கள். வன்னிப் பாடசாலைகளுக்கு வெளி மாவட்டங்களிலிருந்து நியமனம் பெற்று வரும் விஞ்ஞான ஆசிரியர்கள் கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் பெற்றுப் போகிறார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. முள்ளியவளையில் வீடுள்ள ஒருவர் விஞ்ஞான ஆசிரியராக வந்தால் அந்த வெற்றிடம் அத்தனை சுலபமாக மீண்டும் தோன்றாது என்பதை, அதனால் பாதிக்கப்பட்ட உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பட்டம் இல்லாமல் போய்விடும் என்று அம்மா வருந்தக்கூடும். டிப்ளோமா பெற்ற ஆசிரியர்கள் சேவையில் இருந்துகொண்டே தேசிய கல்வி நிறுவகத்தின் வழியாகவோ திறந்த பல்கலைக்கழகத்தின் வழியாகவோ கல்விமாணிப் பட்டம் பெறுவது இங்கே வழக்கமான ஒன்று. உழைத்துக்கொண்டு, கடனில்லாமல் படிக்கலாம்.

சுகாதார அமைச்சு மாணவ தாதியரைச் சேர்த்துக்கொள்ளும் வர்த்தமானியையும் கவனியுங்கள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி பெற்றவர்களுக்குரியது; பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு உண்டு. இரவுக் கடமையும் இரத்தமும் உங்களுக்கு ஒத்துவருமா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

தோழி அழைக்கும் ஜேர்மன் ரெக் பற்றி: அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தைத்தான் அப்படிச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மாங்குளம் வழியாகப் போய் ஏ9 வீதியில் ஏறினால் கிளிநொச்சி நகரத்துக்கு முன்பே இறங்கிவிடலாம். மோட்டார் வாகனம், மின்னியல், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம், தகவல் தொழில்நுட்பம் போன்ற துறைகளில், என்.வி.கியூ என்று எல்லோரும் சொல்லும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ்களை அங்கே பெறலாம். படிப்பு வராத பிள்ளைகள் போகும் இடம் அது என்ற எண்ணம் எங்கள் வீடுகளில் இன்னும் போகவில்லை. அது பிழையான எண்ணம். அந்தத் தகைமையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். ஐந்தாம் அல்லது ஆறாம் மட்டத்தை முடித்தவர் இரத்மலானையில் உள்ள தொழிற்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு (யுனிவொடெக்) விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் வேலை தேடுபவருக்கும் இந்தச் சான்றிதழ் கைகொடுக்கும். ஆனால் தோழி போகிறாள் என்பதற்காக நீங்கள் போவதை நான் ஆதரிக்கமாட்டேன். உயிரியலும் இரசாயனவியலும் படித்த உங்களுக்கு அங்குள்ள துறைகளில் உணவுத் தொழில்நுட்பம் நெருக்கமானது. அது உங்கள் மனதில் ஏதாவது ஆர்வத்தைத் தொடுகிறதா என்று ஒரு நாள் நேரில் போய், செய்முறைக் கூடத்தைப் பார்த்து, இரண்டாம் வருடத்தில் படிப்பவர் ஒருவரோடு கதைத்துவிட்டு முடிவெடுங்கள். முழுநேரப் பாடநெறியில் சேர்ந்துகொண்டு அதே வருடம் உயர்தரத்துக்கும் படிப்பது எழுத்தில்தான் இலகு. பத்துப் பேர் தொடங்கினால் ஒருவரோ இருவரோதான் இரண்டையும் ஒழுங்காக முடிப்பார்கள் என்பது என் கணிப்பு.

வேறு எந்தத் தனியார் நிறுவனத்திலாவது சேர நேர்ந்தால், அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா, நீங்கள் சேரும் குறித்த பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்ற இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். நிறுவனம் பதிவாகியிருந்து பாடநெறி அங்கீகாரம் பெறாமல் இருப்பதும் உண்டு. கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்தில் மனிதவலு அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்வார். அவர்களிடம் போகும் பிள்ளைகள் மிகக் குறைவு என்பது எனக்கு விளங்காத ஒரு விடயம்.

மாமாவின் யோசனையை அன்போடு தள்ளிவையுங்கள். மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது முதல் வருடக் கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் உரிய பணம் தொடர்ந்து 28 நாட்கள் வங்கியில் இருந்ததாகக் காட்டவேண்டும். அந்தப் பணத்தை மாமா சொந்தக் கையால் போடுகிறாரா, வட்டிக்கு எடுத்துப் போடுகிறாரா என்று அம்மா கேட்கட்டும். அங்கே போய் வேலை செய்து கட்டிவிடலாம் என்று முகவர்கள் சொல்வார்கள். பட்டப் படிப்புக்குப் போகும் மாணவருக்கே படிப்புக் காலத்தில் வாரத்துக்கு இருபது மணித்தியால வேலைதான் அனுமதி. வெளிநாட்டு மாணவருக்குரிய கட்டணத்தை அதைக்கொண்டு கட்டி முடிக்க முடியாது. உங்கள் மாமா உண்மையாக உதவ விரும்பினால், பௌதிகவியல் வகுப்புக் கட்டணத்தையும் ஓர் ஆங்கில வகுப்புக் கட்டணத்தையும் பொறுப்பெடுக்கச் சொல்லுங்கள். உங்கள் வயதில் ஆங்கிலத்துக்குப் போடும் காசு எந்த வழியில் போனாலும் பயன்படும்.

தம்பி விடயத்தில் இப்போது முடிவெடுக்கத் தேவையில்லை. சாதாரண தரப் பெறுபேறு வரட்டும். உயிரியலும் கணிதமும் தவிர, 2013 இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது என்பதை மட்டும் அவர் அறிந்திருக்கட்டும். பிரிவைத் தெரிவு செய்வதற்கு முன், சேரப்போகும் பாடசாலையில் மூன்று பாடங்களுக்கும் இப்போது ஆசிரியர் இருக்கிறாரா என்று நீங்களே போய்க் கேளுங்கள். அக்கா பட்ட பாட்டைத் தம்பியும் படவேண்டியதில்லை.

மேலே சொன்ன எந்த விண்ணப்பத்துக்கும் பொதுவாகத் தேவைப்படுவது ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், சாதாரண தர மற்றும் உயர்தரப் பெறுபேறுகள், கிராம அலுவலரின் வதிவிடச் சான்று ஆகியவற்றை ஒரு கோப்பில் இட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிகள் எடுத்து வையுங்கள். வன்னியில் இறுதி யுத்த காலத்தில் ஆவணங்கள் தொலைந்து, பிறகு அவசரமாக மீளப் பெறப்பட்டதால், பல பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அப்பாவின் பெயரிலும் அப்படி நேர்ந்திருக்கலாம். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த பிறகு அதைக் கண்டுபிடித்தால் திருத்துவதற்குக் காலம் போதாது. இந்த வாரமே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.